விட்டதும் துருதான், பிடிப்பதும் துருதான்

மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் வங்கதேசத்துக் கிராமங்களிலும் அடிபம்பிலிருந்து தண்ணீர் வெளியே விழும்போது கலங்கல் இல்லாமல் தெளிவாக இருக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்துவிட்டால், மறுநாள் காலையில் பல இடங்களில் நிறம் மாறிவிடும். மேலே மெல்லிய படலம் படர்ந்திருக்கும். அடியில் செம்பழுப்பு வண்டல் தங்கியிருக்கும். வாளியின் உட்சுவரில் விரலால் வழிக்கும் அளவுக்குக் காவிக் கறை ஏறியிருக்கும். நிலத்துக்கு அடியில் காற்றுப்படாமல் கரைந்து கிடந்த இரும்பு, மேலே வந்து ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாக மாறிப் படிந்ததன் அடையாளம் அது.

அந்த வண்டலை ஆய்வகத்தில் அமிலம் விட்டுக் கரைத்துப் பார்த்தால் இரும்போடு ஆர்சனிக்கும் இருப்பது தெரியும். மேலே தெளிந்து நிற்கும் நீரிலோ ஆர்சனிக் முந்தின நாளைவிடக் குறைந்திருக்கும். யாரும் மருந்து எதையும் கலக்கவில்லை. துரு தானாகவே நஞ்சில் ஒரு பங்கைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கிவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்றால் பெரும்பாலும் கூடாது. மீதமிருக்கும் ஆர்சனிக்கே ஆபத்தான அளவில் இருக்கும். நீரிலிருந்து ஆர்சனிக்கை அகற்ற இன்று பயன்படும் உலோக ஆக்சைடு வடிகட்டிகள் பலவும், வாளிக்குள் அரைகுறையாக நடக்கும் இந்த வேலையை முழுமையாக்கி ஒரு தொட்டிக்குள் கொண்டுவந்தவைதான்.

நல்லெண்ணத்தில் தோண்டிய கிணறுகள்

வங்கத்தில் ஒரு காலத்தில் குளத்து நீரும் ஆற்று நீருமே குடிநீர். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. அதைத் தடுக்க 1970களிலிருந்து அரசுகளும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. நிலத்தடி நீரில் கிருமிகள் குறைவு என்பது உண்மைதான். அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை.

1980களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவராக இருந்த கே. சி. சாகா, கிராமங்களிலிருந்து வந்த சில நோயாளிகளின் உடலில் ஒரே மாதிரியான குறிகளைக் கண்டார். நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோல் கருமையும் வெண்மையுமாகப் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்துச் சொரசொரத்த முடிச்சுகள். காரணம் அவர்கள் குடித்த குழாய்க் கிணற்று நீர். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தியும் அவரது குழுவினரும் ஊர் ஊராகச் சென்று நீர், தலைமுடி, நகம் ஆகியவற்றின் மாதிரிகளைச் சேகரித்து இந்தச் சிக்கலின் பரப்பை உலகுக்குக் காட்டினார்கள். வங்கதேசத்தில் இது 1993-இல் கண்டறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய ஆலன் ஸ்மித்தும் அவரது சகாக்களும், வங்கதேசத்தின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தின் வளையத்துக்குள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். வரலாறு கண்டவற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நச்சேற்றம் என்று அதைக் குறிப்பிட்டார்கள்.

ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் 1993-இல் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 1,000 லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராம், அவ்வளவுதான். வங்கத்துக் கிணறுகள் பலவற்றில் லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் இருக்கிறது. அப்படிப்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே தோலில் குறிகள் தெரியும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரம் 1958 முதல் 1970 வரை லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் கலந்த ஆற்று நீரைக் குடித்தது. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் விளைவான புற்றுநோய் இறப்புகள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தன. இந்த நஞ்சைப் பொறுத்தவரை வடிகட்டியை ஓர் ஆண்டு தள்ளிப்போடுவதுகூடச் சிறிய விஷயம் அல்ல.

மணலின் நிறம் சொல்லும் செய்தி

இவ்வளவு ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலைக் கழிவிலிருந்தோ பூச்சிமருந்திலிருந்தோ அல்ல. இமயமலைப் பாறைகள் சிதைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டலோடு வந்தது. வழியெல்லாம் மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, மெல்லிய மேற்பூச்சாகப் படிந்தது. பாறையிலிருந்து விடுபட்ட ஆர்சனிக் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டது. துரு அதை இறுகப் பிடித்திருந்தவரை நீருக்கு ஆபத்தில்லை.

டெல்டாவில் வண்டலோடு இலைதழையும் சதுப்பு நிலத்துத் தாவர மக்கலும் சேர்ந்தே புதைந்தன. அவற்றைத் தின்னும் நுண்ணுயிரிகள் முதலில் அங்கிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. அது தீர்ந்ததும் சில வகைப் பாக்டீரியாக்கள் துருவில் இருக்கும் மூவிணைதிற இரும்பைக் கொண்டே சுவாசிக்கத் தொடங்கின. அப்படிச் சுவாசிக்கும்போது அந்த இரும்பு ஈரிணைதிற இரும்பாக மாறி நீரில் கரைகிறது. மேற்பூச்சு கரைந்தால் அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரோடு போகிறது. வங்க டெல்டாவின் நஞ்சுக்கு இதுவே முதன்மைக் காரணம் என்ற விளக்கம் 1990களின் இறுதியில் உருப்பெற்றது. இன்று அது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய் இறக்கும்போது வெளியே வரும் மணல் சாம்பல் நிறமாக இருந்தால், துரு கரைந்துபோன மணல் அது. அங்குள்ள நீரில் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு அதிகம். மணல் செம்பழுப்பாக இருந்தால் துரு இன்னும் துகளின் மேல் இருக்கிறது என்று பொருள். அந்த நீர் பெரும்பாலும் நல்லது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் கிணறு தோண்டும் மிஸ்திரிகள் மணலின் நிறத்தைப் பார்த்து எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று தீர்மானிப்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அதையே ஒரு முறையாக வகுத்திருக்கிறார்கள். திறந்த கிணறுகளில் ஆர்சனிக் பெரும்பாலும் குறைவாக இருப்பதற்கும் காற்றோடு தொடர்பு இருப்பது ஒரு காரணம்.

ஆக, ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்ததும் துரு, விட்டதும் துரு. அதைத் திரும்பப் பிடிக்கவும் துருவையே நாடலாம் என்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை.

துருவின் பிடி

இந்த அறிவு புதிதல்ல. 1834-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சன், மருத்துவர் பெர்த்தோல்டுடன் சேர்ந்து, புதிதாக வீழ்படிவாக்கிய இரும்பு ஹைட்ராக்சைடு ஆர்சனிக் நஞ்சுக்கு முறிவாகச் செயல்படும் என்று காட்டினார். ஆய்வகங்களில் நாம் பார்க்கும் புன்சன் சுடரடுப்புக்குப் பெயர் தந்தவர் அவரே. நஞ்சுண்டவரின் வயிற்றில் அந்தக் காவிக் குழம்பு ஆர்சனிக்கைப் பற்றி, உடலில் ஏறாமல் தடுத்தது. இன்றைய வடிகட்டி அதே வேலையை வயிற்றுக்கு வெளியே செய்கிறது.

அணு அளவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஒவ்வொரு இரும்பு அணுவோடும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. நீரில் கரைந்த ஆர்சனேட் அயனி, நடுவில் ஓர் ஆர்சனிக் அணுவும் சுற்றிலும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட நான்முகி. அது எதிர் மின்சுமை உடையது. குடிநீரின் வழக்கமான பிஎச் அளவில் இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பு பெரும்பாலும் நேர் மின்சுமையோடு இருப்பதால் அயனி முதலில் ஈர்க்கப்படுகிறது. அத்தோடு நின்றால் பிடி தளர்வாகத்தான் இருக்கும். அருகில் வந்த ஆர்சனேட், அங்கிருந்த ஹைட்ராக்சில்களை வெளியேற்றிவிட்டுத் தன் இரு ஆக்சிஜன்களால் அடுத்தடுத்துள்ள இரண்டு இரும்பு அணுக்களோடு நேரடியாகப் பிணைகிறது. எக்ஸ் கதிர் ஆய்வுகள் ஆர்சனிக்குக்கும் இரும்புக்கும் இடையே சுமார் 0.33 நானோமீட்டர் இடைவெளி இருப்பதை அளந்து, இந்த இருமுனைப் பிணைப்பை உறுதிசெய்திருக்கின்றன. வெறும் மின் ஈர்ப்பாக இருந்தால் நீரிலுள்ள குளோரைடும் சல்பேட்டும் எளிதில் ஆர்சனேட்டை இடம்பெயர்த்துவிடும். இந்த வேதிப் பிணைப்பு இருப்பதால்தான், உப்புகள் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருக்கும் நீரிலிருந்துகூட மைக்ரோகிராம் அளவு ஆர்சனிக்கை மட்டும் பொறுக்கியெடுக்க முடிகிறது.

பொருளுக்குள் ஊறிப் போகாமல் அதன் புறப்பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் இந்தச் செயலைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். இரும்பு ஆக்சைடு மட்டுமல்ல. அலுமினியம், டைட்டானியம், சிர்க்கோனியம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளும் இதைச் செய்யக்கூடியவை. இரும்பின் ஆக்சைடு மலிவானது, நச்சற்றது, எங்கும் கிடைப்பது. அதனால்தான் அது முன்வரிசையில் நிற்கிறது.

ஒரு கிராமுக்குள் ஒரு கிரவுண்டு

மேற்பரப்பில்தான் வேலை நடக்கிறது என்றால், எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள திடமான கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். பொருள் கூடவில்லை, உள்ளே மறைந்திருந்த அணுக்கள் வெளிப்பரப்புக்கு வந்துவிட்டன. ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்பு ஆக்சைடின் துகள்கள் சில நானோமீட்டர்தான். அதன் ஒரு கிராமில் 200 முதல் 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைக் காவிப் பொடிக்குள் ஒரு கிரவுண்டு மனை விரிந்து கிடக்கிறது.

அப்படியானால் நானோ பொடியை அப்படியே தொட்டியில் கொட்டி நீரை விடலாமே? முடியாது. அவ்வளவு நுண்ணிய பொடி சேறாக இறுகி நீரைப் போகவிடாது. போகவிட்டாலும் நீரோடு பொடியும் வெளியேறி, பிடித்த நஞ்சைக் குவளைக்கே கொண்டுவந்துவிடும். இங்கேதான் நுண்துளைகளின் தேவை வருகிறது. பொடியைக் குருணைகளாக்க வேண்டும். ஒவ்வொரு குருணையும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் குருணைகளுக்கு இடையே நீர் தாராளமாக ஓடும். அதேசமயம் குருணையின் உள்ளே ஊடும்பாவுமாகத் துளைகள் இருக்க வேண்டும். அப்போதுதான் பரப்பு முழுவதும் ஆர்சனிக்குக்கு எட்டும்.

துளைகளிலும் அளவு பார்க்க வேண்டும். 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைகள் ஏராளமான பரப்பைத் தரும். ஆனால் வாயிலேயே சில அயனிகள் ஒட்டிக்கொண்டால் உட்பகுதி முழுவதும் அடைபட்டுப்போகும். 50 நானோமீட்டருக்கு மேற்பட்ட துளைகளில் போக்குவரத்து எளிது, பரப்பு குறைவு. இடைப்பட்ட 2 முதல் 50 நானோமீட்டர் வரையான இடைத்துளைகளைத்தான் ஆய்வாளர்கள் விரும்புகிறார்கள். பெரிய துளை வழியாக உள்ளே வந்து, இடைத்துளையில் கிளை பிரிந்து, கடைசிப் பரப்பு வரை அயனி சென்றடைய வேண்டும். இந்தப் பயணம் ஓட்டத்தால் நடப்பதல்ல, மெல்லப் பரவுவதால் நடப்பது. ஆகவே நேரம் வேண்டும். நிரப்பிய படுகையில் நீர் சில நிமிடங்களாவது தங்கும்படி வேகத்தை அமைப்பது அதனால்தான். அவசரப்பட்டுக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டால், நல்ல குருணையும் பாதி வேலையைத்தான் செய்யும்.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான குருணை இரும்பு ஹைட்ராக்சைடு இந்த வழியில் வெற்றிபெற்ற பொருள்களில் ஒன்று. அதைப் போன்ற குருணைகள் இன்று பல நாடுகளின் நகராட்சி நிலையங்களில் பயன்படுகின்றன.

இடத்துக்குப் போட்டி

ஆய்வகத்தில் தூய நீரில் ஆர்சனிக்கைக் கலந்து சோதித்தால் கிடைக்கும் எண்கள் பிரமிக்க வைக்கும். கிராமத்துக் கிணற்று நீரில் அதே பொருள் அதில் ஒரு சிறு பங்கைத்தான் சாதிக்கும். காரணம், மேற்பரப்பில் இடம் தேடி வருவது ஆர்சனிக் மட்டுமல்ல.

முதல் போட்டியாளர் பாஸ்பேட். தனிம வரிசை அட்டவணையில் ஆர்சனிக்குக்கு நேர் மேலே பாஸ்பரஸ் இருக்கிறது. பாஸ்பேட்டும் ஆர்சனேட்டைப் போலவே நான்முகி வடிவமும் ஏறத்தாழ அதே மின்சுமையும் கொண்டது. மேற்பரப்பால் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடிவதில்லை. வங்கத்து நிலத்தடி நீரில் பாஸ்பேட் ஆர்சனிக்கைவிடப் பல மடங்கு இருப்பதுண்டு. அடுத்தவர் சிலிக்கேட், மெதுவாக வந்தாலும் பரப்பின் மேல் சங்கிலியாகப் படிந்து இடத்தை மூடிவிடும். பிஎச் உயர உயர மேற்பரப்பின் நேர் மின்சுமையும் குறையும்; கவரும் திறனும் சரியும்.

இன்னொரு சிக்கல் ஆர்சனிக்கின் வடிவம். ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் அது பெரும்பாலும் ஆர்சனைட்டாக, அதாவது மூவிணைதிற வடிவில் இருக்கிறது. பிஎச் 9-க்குக் கீழே ஆர்சனைட்டுக்கு மின்சுமையே கிடையாது. மின் ஈர்ப்பு அதன்மேல் வேலை செய்யாது; அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, அதைச் சரியாகப் பிடிக்காது. இரும்பு ஆக்சைடு ஓரளவு பிடிக்கும். இரண்டில் ஆர்சனைட்டே அதிக நச்சுள்ளது. ஆகவே முதலில் அதை ஆர்சனேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். காற்று மட்டும் போதாது. அந்த வேகம் மிகக் குறைவு. குளோரின், பெர்மாங்கனேட் போன்றவை உதவும். மாங்கனீசு ஆக்சைடு இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்பதால், இரும்பையும் மாங்கனீசையும் ஒரே குருணையில் கலந்த ஆக்சைடுகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஒன்று மாற்றிக் கொடுக்கும், மற்றது பிடித்துக்கொள்ளும்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிணற்று நீரில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருக்கிறது, குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோகிராமுக்குக் கொண்டுவர நாளொன்றுக்கு 4.75 மில்லிகிராமும் ஆண்டுக்குச் சுமார் 1.7 கிராமும் ஆர்சனிக்கை அகற்ற வேண்டும். போட்டி நிறைந்த கிணற்று நீரில் ஒரு கிராம் குருணை ஒரு மில்லிகிராம் பிடித்தால் ஆண்டுக்கு 1.7 கிலோ குருணை போதும். அதுவே 10 மில்லிகிராம் பிடித்தால் 170 கிராம் போதும். ஆய்வாளர்கள் கவரும் திறனைக் கூட்ட ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். ஓர் ஏழைக் குடும்பம் ஆண்டுதோறும் சுமக்க வேண்டிய செலவு இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

மூன்று வழிகள்

வங்கதேசத்தின் குஷ்தியாவைச் சேர்ந்த அபுல் ஹுசாம், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். சொந்த ஊரில் தன் குடும்பம் குடித்த கிணற்றிலும் ஆர்சனிக் இருப்பதைக் கண்டறிந்தவர். அவர் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள். மேல் வாளியில் ஆற்று மணலோடு, பட்டறைகளில் கடைசல் இயந்திரத்திலிருந்து விழும் வார்ப்பிரும்புச் சீவல்களைப் பக்குவப்படுத்திய அடுக்கு. அது துருப்பிடிக்கத் துருப்பிடிக்கப் புதிய மேற்பரப்பைத் தந்துகொண்டே இருக்கும். கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் சில்லு. மின்சாரம் வேண்டாம். 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் வழங்கிய 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு இதற்குக் கிடைத்தது. பரிசுத் தொகையின் பெரும்பகுதியை ஹுசாம் வடிகட்டிகளை மக்களிடம் கொண்டுசேர்க்கவே செலவிட்டார்.

இரண்டாவது வழி, கிணற்றடியிலேயே ஊர் முழுவதற்குமாக ஒரு தொட்டி. அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருப் சென்குப்தா, மேற்கு வங்கத்தில் ஷிப்பூர் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து 1990களின் பிற்பகுதியிலிருந்து அடிபம்போடு இணைத்த அலுமினாத் தொட்டிகளை நிறுவினார். பம்பை அடித்தால் நீர் முதலில் காற்றோடு கலந்து இரும்பைத் துருவாக்கும். பிறகு கிளர்வூட்டிய அலுமினாக் குருணைகள் வழியே இறங்கும். கிராமக் குழுவே வீட்டுக்கு வீடு சிறு கட்டணம் வசூலித்துப் பராமரிக்கும். அலுமினா நிரம்பிவிட்டால் எரிசோடாக் கரைசலால் கழுவி மீண்டும் பயன்படுத்துவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை வாட்டும் ஃபுளோரைடையும் இதே அலுமினாதான் பிடிக்கும் என்பதால், இந்த வேதியியல் தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல.

மூன்றாவது வழி சென்னையில் பிறந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கிய 'அம்ரித்', ஃபெர்ரிஹைட்ரைட்டின் ஒரு பெரிய பலவீனத்தைச் சரிசெய்தது. ஃபெர்ரிஹைட்ரைட்டுக்குப் பரப்பு அதிகம். ஆனால் அது நிலையற்றது. நாளடைவில் அதன் நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து கோதைட், ஹேமடைட் போன்ற படிகங்களாக இறுகிவிடும். அப்படி இறுகும்போது பரப்பை இழக்கும். பிரதீப்பின் குழு அந்தத் துகள்களை கைட்டோசான் என்ற உயிர்ப்பலபடியின் வலைக்குள் உருவாகச் செய்தது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுவது கைட்டோசான். வலைக்குள் சிக்கிய துகள்கள் ஒன்றோடொன்று சேர முடியாமல், பரப்பை இழக்காமல் நிற்கின்றன. நீரோடு வெளியேறவும் முடிவதில்லை. தயாரிப்பு முழுவதும் சாதாரண வெப்பநிலையில், நீரிலேயே நடக்கிறது. இந்த ஆய்வு 2017-இல் 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' இதழில் வெளியானது. இந்தியாவில் ஆர்சனிக் பாதித்த மாநிலங்களில் பல லட்சம் மக்கள் இன்று இதன் வழியாக நீர் பெறுகிறார்கள். 2022-இல் இளவரசர் சுல்தான் பின் அப்துல்அஜீஸ் சர்வதேச நீர்ப் பரிசு பிரதீப்புக்குக் கிடைத்தது.

பிடித்த பிறகு

நல்ல பொருள் கிடைத்துவிட்டது. பிறகு ஏன் இன்னும் கோடிக்கணக்கானோர் இந்த நீரைக் குடிக்கிறார்கள்? மேற்கு வங்கத்தில் நிறுவப்பட்ட பத்துக்கும் மேற்பட்ட ஆர்சனிக் அகற்றும் நிலையங்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் எதனாலும் நீரைத் தொடர்ச்சியாக 10 மைக்ரோகிராமுக்குக் கீழே வைத்திருக்க முடியவில்லை என்று கண்டது. பொருளின் வேதியியல் பொய்த்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மணல் அடுக்கை அவ்வப்போது பின்னோக்கிக் கழுவ வேண்டும். இல்லையென்றால் துரு அடைத்து, நீர் ஒரு பக்கமாகவே வழி பிடித்து ஓடும். நிரம்பிய குருணையை மாற்ற வேண்டும். நிரம்பிவிட்டதை நாக்கு சொல்லாது, கண்ணும் சொல்லாது. சோதனை மட்டுமே சொல்லும்.

அந்தச் சோதனை கடினமானதும் அல்ல. ஒரு சிறு குப்பியில் நீரை எடுத்து அமிலமும் துத்தநாகப் பொடியும் போட்டு மூடினால் ஆர்சனிக் ஆர்சின் வாயுவாக மாறி மேலெழும். மூடியில் செருகிய மெர்க்குரிக் புரோமைடு தடவிய வெள்ளைத் தாளில் மஞ்சள் படரும். ஆர்சனிக் மிகுந்திருந்தால் பழுப்பேறும். அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். ஆர்சின் கொடிய நஞ்சு என்பதால் காற்றோட்டமான இடத்தில், பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். வங்கதேசத்தில் இத்தகைய களச் சோதனைகளால் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் பூசினார்கள். கிணறுகளுக்கு ஒருமுறை செய்த அந்த வேலையை வடிகட்டிகளுக்குத் தொடர்ந்து செய்தாக வேண்டும்.

நிரம்பிய குருணையை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. கிராமங்களில் கைக்கெட்டிய இடம் குப்பைமேடு, சாணக்குழி, குளத்தங்கரை. இவற்றில் சாணக்குழியும் குளத்துச் சேறும் மிக மோசமான தேர்வு. அங்கே மட்கும் பொருள் நிறைய, ஆக்சிஜன் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக டெல்டாவுக்கு அடியில் நடந்த அதே வேலையைப் பாக்டீரியாக்கள் இங்கேயும் தொடங்கிவிடும்; துரு கரையும், ஆர்சனிக் மறுபடி நீருக்குள் இறங்கும். இரும்புக் குருணையைக் காற்றோட்டத்தில் வைத்திருக்கும்வரைதான் பிடி நிலைக்கும். மேற்கு வங்கத்தில் சென்குப்தாவின் குழு கழிவைக் காற்றுப்படும் மணல் படுகைகளின் மேல் சேமித்ததற்குக் காரணம் இதுவே. கழிவைச் சிமென்டோடு கலந்து கெட்டியாக்குவது இன்னொரு வழி.

துருவின் வேதியியலைப் புரிந்துகொண்டவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். இந்த நஞ்சை யாரும் அழிப்பதில்லை. ஆர்சனிக் ஒரு தனிமம், அதை அழிக்க முடியாது. அதை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பிடித்து வைத்திருப்பது ஒரு நாள் வேலையல்ல. ஆகவே ஆர்சனிக் வடிகட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் பொருளாகப் பார்க்கும் திட்டம் எதுவும் நிலைக்காது. அதைத் தபால்போல, மின்சாரம்போல நாள்தோறும் நடக்க வேண்டிய சேவையாகத்தான் நடத்த வேண்டும்.

அதற்கான கேள்விகளை ஊராட்சிகளும் நிதி கொடுப்பவர்களும் நிறுவும் நாளிலேயே கேட்க வேண்டும். இந்தக் கிணற்று நீரில் ஆர்சனைட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, பிஎச் என்ன? எத்தனை லிட்டருக்குப் பிறகு குருணையை மாற்ற வேண்டும், அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? வெளிவரும் நீரை மாதந்தோறும் சோதிக்கும் பொறுப்பு யாருடையது, அந்த முடிவை ஊருக்கு அறிவிப்பது யார்? நிரம்பிய குருணை எங்கே போகும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. ஆர்சனிக்கைப் பிடிக்கும் பொருளை விஞ்ஞானிகள் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிடி தளராமல் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கும் பணத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறும் உரிமை அந்த நீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.